கணவாய் திறக்கும் காலம்

சித்தப்பா போய் ஆறு மாதம் ஆகிறது. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் பெரும்பாலும் இரண்டு பேச்சுதான் பேசினார்கள். "கால்ல சக்கரத்தைக் கட்டிக்கிட்டே பொறந்த மனுஷன்" என்பது ஒன்று. "எப்படியோ கடையையும் காப்பாத்திட்டாரு" என்பது இன்னொன்று. அந்த "எப்படியோ" எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. குருட்டாம்போக்கில் நடந்துவிட்ட காரியம் மாதிரி சொல்கிறார்கள். எப்படி நடந்தது என்று சித்தியின் பீரோவில் அடுக்கியிருக்கும் பதினெட்டு நீளக் கணக்கு நோட்டுகளில் எழுதியிருக்கிறது. ஒரு பயணத்துக்கு ஒரு நோட்டு. இரண்டு மாதமாக அவற்றைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன்.

கடை கடலூர் முதுநகரில் இருக்கிறது. ஓ.டி., அதாவது ஓல்டு டவுன், என்று கேட்டால்தான் ஊர்க்காரர்கள் வழி சொல்வார்கள். துறைமுகப் பக்கம் திரும்பும் தெருவில் ஒற்றை ஷட்டர் போட்ட தார்ப்பாய்க் கடை. உள்ளே கால் வைத்ததும் மெழுகும் தாரும் சணலும் கலந்த வாசனை வரும். என் குழந்தைப் பருவம் முழுக்க அந்த வாசனைதான். தாத்தா கட்டுமரங்களுக்குப் பாய் தைத்தவர். பருத்தித் துணியை முக்கோணமாக வெட்டி, கோணூசியால் மூட்டி, மரப்பட்டைச் சாயத்தில் முக்கிக் காயவைத்துக் கொடுப்பார். ஊசியைத் தள்ளுவதற்கு அவர் உள்ளங்கையில் மாட்டிக்கொண்ட தோல்பட்டை இன்னும் கடையில் ஆணியில் தொங்குகிறது. எண்பதுகளில் மீன்பிடிக்கப் போகிறவர்கள் எஞ்சினுக்கு மாறியதும் பாய் கேட்டு வருவோர் குறைந்தார்கள். 1984-இல் சித்தப்பா அதே ஊசியோடு லாரித் தார்ப்பாய்க்கு மாறினார். கடனுக்காக ஒரு வங்கிக்கு மூன்று தடவை நடந்தார்; அடமானம் வைக்கப் பத்திரம் இல்லையென்று மூன்று தடவையும் அனுப்பிவிட்டார்கள். ஆயாவின் தோடும் சித்தியின் இரண்டு வளையலும்தான் முதலீடு.

சித்தப்பாவுக்கும் சித்திக்கும் பிள்ளைகள் இல்லை. பள்ளி விட்டால் நான் நேராகக் கடைக்குத்தான் போவேன். ஞாயிற்றுக்கிழமைகளில் புல்லட்டின் டேங்க் மேல் என்னை உட்கார வைத்துத் தேவனாம்பட்டினம் கூட்டிப் போவார். புனித டேவிட் கோட்டையில் மிச்சமிருக்கும் சுவர்களைக் காட்டுவார். 1690-இல் இங்கிலீஷ் கம்பெனிக்காரர்கள் அந்தக் கோட்டையை மராட்டியரிடமிருந்து வாங்கினார்கள். கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு போய் விழும் தூரம் வரைக்குமுள்ள ஊர்களும் சேர்த்து என்று பேச்சு. அப்படிக் கைமாறிய ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்று பெயர் வந்தது. குண்டு உப்பலவாடி என்று இன்றும் சொல்கிறோம். சித்தப்பாவுக்கு அந்தக் கதை ரொம்பப் பிடிக்கும். "குண்டு போற தூரம் அவனுக்கு ஊரு. பெட்ரோல் போற தூரம் நமக்கு ஊரு, பாப்பா" என்பார்.

ஊர் சுற்ற வேண்டும் என்ற ஆசை எல்லாருக்கும்தான் இருக்கிறது. ஒற்றை ஷட்டர் கடைக்காரர் வருஷத்தில் நாற்பது நாள் காணாமல் போனால் கடை என்ன ஆகும்? இந்தக் கேள்விக்கு அவர் கண்டுபிடித்த விடை அவர் தைத்த எந்தப் பொருளையும் விட அழகானது என்று நினைக்கிறேன்.

தார்ப்பாய் வியாபாரத்துக்கென்று ஒரு பஞ்சாங்கம் உண்டு. ஆடி கழிந்ததும் லாரிக்காரர்கள் பழைய பாயைத் தூக்கிக்கொண்டு வர ஆரம்பிப்பார்கள். புரட்டாசி, ஐப்பசி, கார்த்திகை மூன்றும் தூக்கமில்லாத மாதங்கள். எங்கள் கரைக்கு மழை தருவது வடகிழக்குப் பருவக்காற்று, அதனால் அந்த மூன்று மாதத்து வரும்படிதான் வருஷச் சாப்பாடு. தையில் நெல் மூட்டைக்கு மூடப் பாய் கேட்பார்கள். பங்குனி, சித்திரையில் பந்தல்காரர்கள் வருவார்கள். வைகாசி பாதியிலிருந்து ஆடி பாதி வரை ஒரு ஈ கூட உள்ளே வராது. மற்ற கடைக்காரர்கள் அந்த நாட்களில் கல்லாவில் உட்கார்ந்து வீதியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

மணாலியிலிருந்து லடாக்கின் லே நகரத்துக்குப் போகும் மலைச் சாலை குளிர்காலம் முழுக்கப் பனிக்கடியில் கிடக்கும். எல்லைச் சாலை நிறுவனத்துக்காரர்கள் பனியை வெட்டி ஒதுக்கி அதைத் திறப்பது கோடையில். ஜூனில் போக்குவரத்து ஓட ஆரம்பித்துவிடும். எங்கள் ஊரில் தார்ப்பாய் தூங்கும் மாதமும் அங்கே கணவாய் திறக்கும் மாதமும் ஒன்று! சித்தப்பா இதை 1995-இல் ஒரு லாரி டிரைவரிடம் பேசிக்கொண்டிருந்தபோது தெரிந்துகொண்டார். அன்று ராத்திரியே காலண்டரை எடுத்து வைத்து ஜூன் 10-ஐயும் ஜூலை 20-ஐயும் பேனாவால் வட்டம் போட்டதாகச் சித்தி சொல்வார். ஆடிப்பெருக்குக்கு முன்னால் கல்லாவில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது கணக்கு. பதினெட்டு நோட்டுகளிலும் முதல் பக்கத்தில் திரும்பும் தேதிதான் இருக்கிறது. கிளம்பும் தேதி அதற்குக் கீழே.

முதல் நோட்டு 1996. திருவண்ணாமலை, வேலூர், சித்தூர், கடப்பா, கர்நூல், ஹைதராபாத், நாக்பூர், ஜான்சி, ஆக்ரா, டில்லி, அம்பாலா, மணாலி என்று ஊர்ப்பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக. பக்கத்தில் டீ, பெட்ரோல், செயினுக்கு ஆயில், படுக்கை. பல நாள் படுக்கைக்கு நேரே பூஜ்யம்தான். லாரி நிறுத்தங்களில் கயிற்றுக் கட்டிலில் படுத்திருக்கிறார். கையில் இரண்டு கிலோ பண்ருட்டி முந்திரி. யாராவது ஒரு சின்ன உதவி செய்தால் ஒரு கைப்பிடி முந்திரி. "ஹிந்தி தெரியாது, முந்திரி தெரியும்" என்று ஓரத்தில் எழுதியிருக்கிறார்.

அந்தப் பயணத்தில் அவர் லே போய்ச் சேரவில்லை. ரோதாங் கணவாய் 3,978 மீட்டர்; அதைத் தாண்டிக் கேலாங் என்ற ஊரில் ஒரு இரவு தங்கி, மறுநாள் அடுத்த கணவாயான பாரலாச்சாவுக்கு ஏறும் வழியில் ஜிங்ஜிங்பார் என்ற இடத்தில் தலைவலி ஆரம்பித்தது. பிறகு வாந்தி. கடல் மட்டத்தில் பிறந்து வளர்ந்த உடம்பு, 4,200 மீட்டருக்கு மேல் காற்றில் பிராணவாயு போதாமல் தவித்திருக்கிறது. வண்டிக்கும் அதே தவிப்பு. காற்று மெலிந்தால் கார்புரேட்டரில் பெட்ரோல் விகிதம் கூடிப்போகும், ஸ்பார்க் பிளக்கில் கரி ஏறும், இழுவை போய்விடும். "வண்டிக்கும் எனக்கும் ஒரே வியாதி" என்று நோட்டில் இருக்கிறது. அதற்கு அடுத்த வரி: "திரும்பினேன்."

கேலாங்குக்கு இறங்கி வந்து இரண்டு நாள் படுத்திருந்துவிட்டு, மேலே இன்னொரு முயற்சி செய்யாமல் ஊருக்குக் கிளம்பிவிட்டார். மறுபடியும் ஏறினால் ஜூலை 20 தவறிவிடும். 2,500 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிப் போனவர், கண்ணுக்கெதிரே இருக்கும் கணவாயை விட்டுவிட்டுத் திரும்பினார். ஊரில் சிலர் சிரித்தார்கள். தாத்தா மட்டும் சிரிக்கவில்லை. கடல் ஒரு மாதிரி கறுத்தால் வலையை இழுத்துப் போட்டுக்கொண்டு கரைக்குத் திரும்புகிறவர்களுக்குப் பாய் தைத்துக் கொடுத்தவர் அவர். "எவன் திரும்பி வந்தானோ அவன்தான் அடுத்த வருஷம் பாய் கேட்டு வருவான்" என்றாராம். துணிச்சல்காரர் என்று சித்தப்பாவைப் பற்றி யார் பேசினாலும் எனக்கு அந்த ஒற்றைச் சொல்தான் ஞாபகத்துக்கு வரும்: திரும்பினேன்.

1997-இல் மறுபடி போனார். இந்தத் தடவை கேலாங்கில் மூன்று இரவு தங்கி உடம்பைப் பழக்கிக்கொண்டார். பகலில் கொஞ்சம் மேலே ஏறிப் பார்த்துவிட்டு ராத்திரி கீழே வந்து தூங்குவது. வழியில் தாண்டி என்ற ஊரில் ஒரு பெட்ரோல் பங்க் இருந்தது. அடுத்த பங்க் 365 கிலோமீட்டர் தள்ளி என்று அங்கே பலகை வைத்திருந்தார்கள். புல்லட் டேங்க் மட்டும் அதற்குப் போதாது என்று முதல் வருஷமே தெரிந்துகொண்டதால், ஊரிலேயே கேன்வாஸில் இரண்டு தொங்குபைகள் தைத்து, பின்சக்கரத்தின் இரு பக்கமும் பெட்ரோல் கேனை உட்கார வைத்திருந்தார். அடியில் இரட்டைத் துணி, மேலே மடித்துப் போடும் வாய், நவார் நாடாவில் பட்டை. இந்தப் பெட்ரோல் தொட்டில்தான் பிற்பாடு கடையின் தலையெழுத்தை மாற்றியது.

பாரலாச்சா 4,890 மீட்டர். தங்லங் லா 5,328. இரண்டையும் தாண்டினார். அந்த உயரங்களைப் பற்றி நோட்டில் ஒரு வரிக்கு மேல் இல்லை. ஆனால் பாங் என்ற இடத்து டீக்கடைக் கூடாரத்தைப் பற்றி நான்கு பக்கம் எழுதியிருக்கிறார், படத்தோடு.

அந்த வழியில் டீக்கடைகளும் படுக்கும் இடங்களும் பழைய ராணுவப் பாராசூட் துணியில் போட்ட கூடாரங்கள். நடுவில் ஒரு கம்பம், சுற்றிலும் இழுகயிறு, ஓரம் பறக்காமல் இருக்க வரிசையாகக் கல். மனுஷன் டீயைக் கீழே வைத்துவிட்டு மூட்டுகளைத் தடவிப் பார்த்திருக்கிறார். இரண்டு துணியின் ஓரங்களும் ஒன்றுக்குள் ஒன்று மடிந்து பூட்டிக்கொண்டு, அதன் மேல் வரிசை வரிசையாகத் தையல். எந்தப் பக்கம் இழுத்தாலும் பாரம் ஒரே நூலில் விழாது. எங்கள் ஊர்த் தார்ப்பாயில் ஓரத்தை ஒன்றின் மேல் ஒன்று வைத்து ஒரே தையல்தான் அப்போது. ஊருக்கு வந்ததும் லாரிப் பாய்க்கு மடிப்பு மூட்டு போட ஆரம்பித்தார். நூலும் நேரமும் அதிகம் செலவாகும். கூலி கொஞ்சம் ஏற்றினார். முதல் வருஷம் முணுமுணுத்த லாரிக்காரர்கள் இரண்டாவது மழைக்காலம் முடிந்தும் மூட்டு விடாததைப் பார்த்துவிட்டு மற்றவர்களையும் கூட்டி வந்தார்கள்.

அங்கே ஆடு மேய்க்கும் சாங்பா மக்கள் சடையெருமை முடியில் நெய்த கறுப்புக் கூடாரத்தில் இருப்பதையும் பார்த்தார். நெசவு விட்டு விட்டு இருக்கும், உள்ளேயிருந்து பார்த்தால் வானம் தெரியும், அடுப்புப் புகை அதன் வழியே வெளியேறிவிடும். மழை பட்டால் இழை உப்பி இடைவெளி அடைத்துக்கொள்ளும். பருத்தி கேன்வாஸும் இதே மாதிரிதான் வேலை செய்கிறது. தாத்தா சின்ன வயதில் அவரை அதட்டியிருக்கிறார்: நனைஞ்ச பாயை உள்பக்கமா விரலால தொடாதே, தொட்ட இடத்துல ஒழுகும். காரணம் தெரியாமல் முப்பது வருஷம் கடைப்பிடித்த வார்த்தைக்கு அந்த மலையில் விளக்கம் கிடைத்தது என்று சொல்லும்போது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

ஊருக்குக் கொண்டுவருவது உலர்ந்த சர்க்கரை பாதாமி. லடாக்கில் அதற்குச் சுலி என்று பெயர். எங்கள் தெருப் பிள்ளைகள் எல்லாருக்கும் ஆளுக்கு நான்கு. கொட்டையை உடைத்துப் பருப்பைத் தின்போம்.

தொங்குபைக்கு வருகிறேன். 1998-இல் புதுச்சேரி ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குப் பழைய பித்தளை வளையம் வாங்கப் போயிருந்தோம், நான் பின்னால் உட்கார்ந்து. நிறுத்தியிருந்த வண்டியைச் சுற்றி நாலு பேர் நின்று அந்தப் பைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவர் விலை கேட்டார். விற்பதற்கில்லை என்று சித்தப்பா சொன்னார். அவர் விடவில்லை. அடுத்த வாரம் ஒரு ஜோடி தைத்துக் கொடுத்தார். அதிலிருந்து பிடித்தது. புதுச்சேரிக்கு வண்டி ஓட்டிக்கொண்டு வருகிறவர்கள் இருபத்திரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஓ.டி.யைத் தேடி வர ஆரம்பித்தார்கள். பிறகு பெங்களூர், கோவை என்று பதிவுத் தபாலில் போனது. பெயர்ப் பலகை, சீட்டு எதுவும் ஒட்டவில்லை. வாய் மடிப்பின் உள்மூலையில் நீல நூலில் மூன்று தையல், அவ்வளவுதான். எப்போது கிழிந்தாலும் கொண்டு வாருங்கள், காசு வேண்டாம் என்பது பேச்சு. இதனால் நஷ்டம் வராதா என்று நான் காலேஜில் வணிகவியல் படிக்கும்போது கேட்டேன். "கிழிஞ்சு வர்ற பைதான்மா எனக்கு வாத்தியாரு. எங்க கிழியுதுன்னு வேற யாரு வந்து சொல்லுவா?" என்றார். ஒவ்வொரு கிழிசலையும் படம் போட்டு வைத்திருக்கிறார். 2003-க்குப் பிறகு தைத்த பைகளில் பட்டை சேரும் இடத்தில் தோல் வைத்திருப்பது அப்படி வந்ததுதான்.

இவ்வளவும் எழுதிவிட்டுச் சித்தியைப் பற்றி எழுதாவிட்டால் நான் பொய் சொன்னவளாவேன். அந்த நாற்பது நாளும் ஷட்டரைத் தூக்கியவர் அவர். சித்தப்பாவை விடச் சீராகத் தைப்பார். பைகளில் பாதிக்கு மேல் அவர் கை. ஜூன் மாதத்தில் யார் வந்து கேட்டாலும், "வடக்க போயிருக்காரு, வந்துடுவாரு. என்ன வேணும், சொல்லுங்க" என்பார். உறவில் யாரும் அவரைப் பாராட்டிப் பேசி நான் கேட்டதில்லை. பாவம் என்றுதான் சொல்வார்கள். சித்தப்பா அப்படி நினைக்கவில்லை என்பதற்கு நோட்டில் ஆதாரம் இருக்கிறது. ஒவ்வொரு நோட்டிலும் திரும்பும் தேதிக்குக் கீழே, "கடைப் பொறுப்பு, நாற்பது நாள் சம்பளம்" என்று ஒரு தொகை. மாஸ்டர் தையல்காரருக்கு என்ன கூலியோ அதே கூலி. அதைத் தபால் நிலையத்தில் சித்தி பெயரில் கணக்கில் போட்டுவிட்டுத்தான் வண்டியைக் கிளப்புவார்.

2005-இல் பயணம் இல்லை. சுனாமிக்குப் பிறகான வருஷம். தேவனாம்பட்டினத்திலும் சோனாங்குப்பத்திலும் தெரிந்த வீடுகள் இல்லாமல் போயிருந்தன. அதைப் பற்றி அவர் எதுவும் எழுதவில்லை, நானும் எழுதப்போவதில்லை.

2012 நோட்டு வேறு மாதிரி. முதல் பக்கத்தில் ஸ்பிதி பள்ளத்தாக்குக்கு வழி வரைந்திருக்கிறது. திரும்பும் தேதியும் இருக்கிறது. இரண்டாம் பக்கத்திலிருந்து வெறும் பெயர்கள்.

தானே புயல் 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. அந்தக் காற்றின் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. விடிந்து பார்த்தால் தெருவில் மின்கம்பங்கள் படுத்துக் கிடந்தன. பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்து தோப்பெல்லாம் வெட்டவெளியாகிவிட்டது. கூரை, ஓடு, ஆஸ்பெஸ்டாஸ் எதுவும் தங்கவில்லை. மழை விட்டபாடில்லை. ஊரில் எல்லாருக்கும் ஒரே பொருள் வேண்டியிருந்தது: மேலே போட ஒரு தார்ப்பாய். ஒரே நாளில் வெளியே விலை இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று ஏறியது. எங்கள் கடையில் அந்த மழைக்காலத்தில் விற்காமல் மிச்சமிருந்த சில்பாலின் ரோல்கள் இருந்தன.

சித்தப்பா ஷட்டரைத் தூக்கி, வாங்கிய விலையைச் சாக்கட்டியால் கதவில் எழுதினார். காசு இல்லாதவர்கள் பெயரும் ஊரும் சொன்னால் போதும். சித்திக்கு ஆத்திரம். "நம்ம வீட்டு ஓடே பறந்து கெடக்குது, மொதல்ல அதுக்கு ஒண்ணு எடுத்து வைங்க" என்று தெருவில் நின்று கத்தினார். எடுத்து வைத்தார். அதை மடித்துச் சித்தி கையில் கொடுத்த பிறகுதான் மற்றவர்களுக்கு வெட்ட ஆரம்பித்தார். சித்தி அதை வீட்டில் கட்டிவிட்டு ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்து, கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். மூன்று நாள். கரண்ட் இல்லை, மெஷின் ஓடவில்லை, ஓரம் எல்லாம் கையால் மடித்து வளையம் அடித்தது. நானும் இருந்தேன், என் விரல்களில் கொப்புளம். பயண நோட்டில் 146 பெயர்கள் இருக்கின்றன. பாதிக்கு மேல் அடித்திருக்கிறது. பணம் வந்துவிட்டது என்று அர்த்தம். அடிக்காதவற்றை அவர் யாரிடமும் கேட்டதில்லை. அந்த வருஷம் கைமுதல் போய்விட்டதால் ஸ்பிதி இல்லை. "பரவால்ல, மலை எங்கயும் போவாது" என்று மட்டும் சொன்னார்.

2016-இல் சித்தி தபால் நிலையப் பணத்தை எடுத்து, தானும் வருவதாக அறிவித்தார். புல்லட்டில் மாட்டேன், முதுகு தாங்காது. தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் டில்லி. அங்கிருந்து லே போகும் ஹிமாசல் அரசுப் பேருந்து. கேலாங்கில் இரவு தங்கிப் போகும் வண்டி. கடையை நாற்பது நாள் நான் பார்த்துக்கொண்டேன், எனக்கும் சம்பளம் நோட்டில் எழுதியிருக்கிறது.

பாங்கில் பேருந்து டீக்கு நின்றபோது, சித்தப்பா இருபது வருஷமாக வாய் ஓயாமல் சொன்ன பாராசூட் கூடாரத்தைக் காட்டினார். சித்தி ஒரு சுற்று சுற்றி வந்து, "மூட்டு சரிதான். ஆனா இந்த ஓரத்துல யாரோ அவசரத்துல தச்சிருக்காங்க" என்றாராம். பையில் கோணூசி வைத்திருந்தார். கிழிந்து காற்றில் அடித்துக்கொண்டிருந்த ஓரத்தை, டிரைவர் ஹாரன் அடிப்பதற்குள் மூட்டிக் கொடுத்துவிட்டார். கடைக்காரப் பெண்மணி காசு வாங்காமல் இன்னொரு டீ கொடுத்தார். 2016 நோட்டில் அந்த நாள் சித்தியின் கையெழுத்தில் இருக்கிறது: "டீ 2. ஒண்ணு இனாம்."

போன மார்கழியில், மழை ஓய்ந்து வேலை குறைந்த ஒரு காலையில், கடையில் உட்கார்ந்து மெழுகு தடவிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும் முன் முடிந்துவிட்டது. அறுபத்தேழு வயது.

இப்போது ஜூன். போன வெள்ளிக்கிழமை கடையில் நானும் சித்தியும் இருந்தோம். புதுச்சேரியிலிருந்து நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் வண்டியில் வந்து இறங்கினார். கையில் ஒரு பழைய கேன்வாஸ் பை, வெயிலில் நிறம் போனது. வாயைத் திறந்து உள்மூலையை எங்களுக்குக் காட்டினார். நீல நூல், மூன்று தையல்.

"பெரியவர் இருக்காருங்களா?"

"வடக்க போயிரு..." என்று ஆரம்பித்த சித்தி நிறுத்தினார். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. வெளியே ஒரு மீன் வண்டி போனது.

"அவரு தவறிட்டாரு, தம்பி. மார்கழியில. பையைக் குடுங்க, பாப்போம்."

அவர் என்ன சொல்வதென்று தெரியாமல் பையை நீட்டினார். சித்தி அதை மடியில் வைத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மூட்டு மூட்டாக விரலால் தடவிக்கொண்டே வந்தார்.

"பட்டை மட்டுந்தான் போயிருக்குது. துணி நல்லாத்தான் இருக்குது. உக்காருங்க, அர மணி நேரம் ஆவும்."